அத்தான் வீட்டு நாற்பது குதிரை

அக்கா வீட்டு விறாந்தையில், மாதா படத்துக்குக் கீழே, மரத் தாங்கியில் ஓர் எஞ்சின் நிற்கிறது. பூப்போட்ட மேசைவிரிப்பால் மூடியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் தையல் மெசின் என்று நினைப்பார்கள், அத்தானும் திருத்துவதில்லை. வள்ளத்தின் பின்பலகையில் கொழுவ வேண்டிய நாற்பது குதிரைவலு எஞ்சின் அது. நான் சேவை செய்து ஓய்வுபெற்ற கடற்றொழில் அலுவலகத்தில் அதற்கு ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று பெயர். அதை உச்சரித்து முடிப்பதற்குள் மீன் போய்விடும்.

அத்தான் நாரந்தனைக் கரையில் கடற்றொழில் செய்கிறவர். அவருடைய வள்ளம் பதினெட்டடிப் பைபர், வயதுபோனது. பழைய எஞ்சின் கைவிட்டபோது என்னைக் கூப்பிட்டார். நீளம், அகலம், ஏற்றும் பாரம், பின்பலகையின் உரம் என்று எஞ்சின் அளவைத் தீர்மானிக்கும் முறைகள் எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சுத்தியலால் பின்பலகையைத் தட்டினேன். சத்தம் கணீரென்று வரவில்லை. உள்மரம் ஊறிப்போயிருந்தது.

“பதினைஞ்சு காணும் அத்தான். அதுக்கு மேல இந்தப் பலகை தாங்காது.”

“எனக்கும் தெரியும் தம்பி. ஆனா அவன் நாப்பது எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டான்.”

அவன் என்றால் பிரான்சில் இருக்கும் மகன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய பெடியன் லண்டனிலிருந்து இருபத்தைந்து எடுத்துக் கொடுத்திருந்தான். எங்கள் பக்கத்தில் வள்ளத்தைப் பார்த்து எஞ்சின் வாங்குவதில்லை, மகன் இருக்கும் நாட்டைப் பார்த்துத்தான். இந்த நடைமுறை மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் வந்ததில்லை. “பதினைஞ்சு எண்டு நான் சொன்னா, அவன்ர உழைப்பு அவ்வளவுதான் எண்டு சனம் சொல்லும்” என்றார் அத்தான்.

யாழ்ப்பாணத்துக் கடையில் அவன் சொல்லிவைத்த எஞ்சின் வந்தது. சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். அக்கா அதற்கு மாலை போட்டாள். வெள்ளை வேட்டியோடு நானும் ஏறி உட்கார்ந்தேன். வள்ளத்தின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. அத்தான் வேகத்தைக் கூட்டியதும் பலகை வெடித்தது. தண்ணீர் ஏறியது. எங்களைக் கட்டி இழுத்துவந்தது பக்கத்து வீட்டுக்காரரின் அதே இருபத்தைந்து. அத்தான் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாலை போட்ட எஞ்சினைப் பார்த்தபடி இருந்தார்.

“அண்ணை, எஞ்சின் நல்ல எஞ்சின். இதுக்கு வள்ளம் எப்ப வாங்கப்போறியள்?” என்று கரையில் ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைய மீனுக்கு முன்னமே கதை புளியங்கூடல் சந்திக்குப் போய்ச் சேர்ந்தது. நான் வேட்டியைப் பிழிவதுபோல நாலடி தள்ளி நின்றுகொண்டேன். அந்த நேரம் பார்த்து மகனின் அழைப்பு வந்தது.

“எப்பிடியப்பா ஓடுது?”

“பறக்குது மோனை.”

குரலில் ஒரு பிசிறில்லை. முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அத்தான் பலகையை மாற்றி, பாவித்த பதினைந்து ஒன்றைக் கொழுவித் தொழிலுக்குப் போகத் தொடங்கினார். அந்த வள்ளம் இன்றும் அழகாக ஓடுகிறது. நாற்பது விறாந்தைக்கு ஏறியது.

வருகிற கோயில் பெருநாளுக்கு மகன் வருகிறானாம். வந்ததும் எஞ்சினை ஒருக்கா ஓடிப்பார்க்க வேண்டுமாம். போன கிழமை அத்தான் என்னைக் கூப்பிட்டு, மேசைவிரிப்பை விலக்கி, தூசு இல்லாத எஞ்சினைத் துடைத்தார்.

“உமக்குத்தானே உதெல்லாம் தெரியும். நாப்பதுக்கு எத்தினையடி வள்ளம் வேணும்?”

அன்று கரையில் பகிடியாகக் கேட்டதையே அத்தான் பகிடியில்லாமல் கேட்டார்.

“விசர்க்கதை கதைக்கிறியளே அத்தான்? இருக்கிற வள்ளம்?”

“அதைக் குடுத்துப்போட்டு, அக்காவின்ர மாடுகளையும் குடுத்தா ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். அவனுக்கு இதை விறாந்தையில வைச்சுக் காட்ட ஏலுமே?”

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெடியனிடம் உள்ளதைச் சொல்லுங்கோ என்று வாய் எடுத்தேன். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல், கரைக்கு வந்த அன்று போலவே எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்காகவா, எனக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

“இருபத்திமூண்டு அடி” என்றேன்.

அத்தான் தலையாட்டினார். மேசைவிரிப்பைத் திரும்பப் போர்த்தி, பூக்கள் முன்பக்கம் வரும்படி இழுத்துவிட்டார்.