வலது வளைவுக்கு ஒரு கை

அம்பூரி மலையில் தாசையனின் ஜீப்பை இரண்டு டிரைவர் வண்டி என்றுதான் சொல்வார்கள். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. தாசையன் ஓட்டுவார், பக்கத்தில் மனைவி தாசம்மாள் இருப்பாள். வலது பக்கம் வளைவு வந்தால் இவர் ஸ்டியரிங்கை இழுப்பார், அவள் இந்தப் பக்கமிருந்து கையைக் கொடுத்து மேலே தள்ளுவாள். இருவர் பலமும் சேர்ந்தால்தான் வண்டி திரும்பும்.

போன வருஷ மழையில், குழாய் போடத் தோண்டிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி வளைந்துபோனதில் வந்த வினை அது. இடது பக்கம் வெண்ணெயாகத் திரும்பும், வலது பக்கம் கல்லாக நிற்கும். சேற்றில் ஏற ஃபோர் வீல் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம், தனி ஆளாகத் திருப்ப முடியாது. பள்ளத்தில் விழுந்த அன்று ஏதோ கல்யாணத்துக்குப் போகத் தாசம்மாளும் வண்டியில் இருந்தாள். மனுஷன் திணறுவதைப் பார்த்துக் கையைக் கொடுத்தாள். மறுநாளும் வந்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

அதற்கு முன்னால் அந்த வீட்டில் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தாசையன் விடியுமுன் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு பட்டணத்தில் சாலை என்கிற சந்தைக்குப் போவார், இருட்டித் திரும்புவார், சாப்பிடுவார், தூங்குவார். மகள் ரெம்யா கழக்கூட்டம் என்கிற ஊரில் வேலை கிடைத்துப் போனபின் வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஜீப்பில் ஏறிய தாசம்மாளோ வேறு மனுஷி. பார்க்கிற வீட்டுக்கெல்லாம் ஒரு கதை சொல்வாள், சபைப் பாட்டை அடித்தொண்டையில் முனகுவாள், எதிரே வருகிற பஸ்காரனைத் திட்டுவாள். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்துத் தாசையனுக்குத் தன் மனைவியைப் பிடித்துப்போய்விட்டது. இதை வெளியே சொல்ல முடியுமா?

ஒருநாள் பட்டணத்துப் பழவங்காடி சந்திப்பில் வலது பக்கம் திரும்புகையில் போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் இருந்த மூன்று கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிங்களில் ஆரா டிரைவர்?"

"ரெண்டு பேரும்தான் சாரே," என்றாள் தாசம்மாள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சீக்கிரம் வண்டியைச் சரியாக்கச் சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் தாசையனின் கள்ளம் இருந்தது. ரெம்யா விஷயம் தெரிந்து பணம் அனுப்பி, ஒர்க்‌ஷாப் சொரிமுத்து புதுக் கம்பியும் வாங்கி வைத்து மாதங்களாகியிருந்தன. "ஒரு மத்தியானம் விடுங்க அண்ணாச்சி, மாட்டித் தாரேன்" என்று சொரிமுத்து பார்க்கும்போதெல்லாம் சொல்வான். இவர் அடுத்த வாரம் என்பார். வண்டி சரியாகிவிட்டால் தாசம்மாள் எதற்கு வரப்போகிறாள்? அவளுக்கு வீட்டில் ஆடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. தாசம்மாளிடம், சாமான் எங்கும் கிட்டவில்லை என்று சொல்லி வைத்திருந்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் குலையோடு மலையிறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வலது வளைவில் இருவரும் சேர்ந்து திருப்ப, ஸ்டியரிங் திடீரென்று லேசாகிச் சும்மா சுற்றியது. கம்பி மூட்டோடு கழன்றுவிட்டது. தாசையன் பிரேக்கில் ஏறி நின்றார். ஜீப் தன் இஷ்டத்துக்கு இடது பக்கம் போய் மண்திட்டில் மூக்கை இடித்து நின்றது. திட்டு அந்தப் பக்கம் இருந்தது பாக்கியம். இன்னொரு பக்கம் வெறும் பள்ளம். தாசம்மாளுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

போன் போட்டதும் சொரிமுத்து பைக்கில் வந்தான். குனிந்து பார்த்தவன் கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "சாமான் வாங்கி வச்சு எத்தன மாசம் அண்ணாச்சி? துருப்பிடிக்கவா வச்சிருக்கேன்?"

அவன் கயிறு எடுக்கப் போனதும் தாசம்மாள் கேட்டாள்.

"கிட்டலேன்னு சொன்னியளே?"

"மாட்டிட்டா நீ வரமாட்டல்லா," என்றார் தாசையன், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

அவள் உருகிவிடவில்லை. "ஞாயித்துக்கிழம கோயிலுக்கு எட்டுப் பேர ஏத்திக்கிட்டுப் போனியளே, அதுங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லியா? என்னக் கொன்னு போட்டா ஒங்களுக்குக் கூட்டுக்கு ஆள் கிட்டுமா? பக்கத்துல இருக்கிய மனுசிகிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க ஒங்களுக்கு அம்புட்டு நாணமா?"

சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களில் அவள் சோறு போட்டாள், பேசவில்லை. திரும்பி வந்த ஜீப் இரண்டு விரலுக்குத் திரும்பியது. அந்தச் சுகம் அவருக்கு ஆகவே இல்லை.

அடுத்த சந்தை நாள் குலையெல்லாம் ஏற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, தாசையன் அடுக்களை வாசலில் போய் நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சாலைச் சந்தையில வெல பேச ஒரு ஆள் இருந்தா கொள்ளாம்."

"இத்தன வருசமா பேசினது ஆராம்?"

"மழ வரும் போல. தார்ப்பாய் பிடிக்கணும்."

"கயிறு இருக்கு. கட்டினா நிக்கும்."

தெரிந்த காரணங்கள் இரண்டும் தீர்ந்துவிட்டன. வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. தாசையன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பெண்பார்க்கப் போன அன்றுகூட இந்த வெட்கம் வந்ததில்லை.

"ஒரு காரியமும் இல்ல, தாசம்மா. நீ கூட இருந்தா எனக்கு நல்லாருக்கு. சும்மா வா."

துருவல் நின்றது. அவள் அடுப்பை அணைத்தாள், கையைக் கழுவினாள். இத்தனை நாளும் உடுத்திருந்ததோடு அப்படியே ஓடிவந்து வண்டியில் ஏறியவள், இன்று அவரைக் கடந்து அறைக்குள் போனாள்.

"நில்லுங்க," என்றாள் உள்ளேயிருந்து. "சேல மாத்திட்டு வாறேன்."