பீரோவில் இருந்த பெயர்

அலுவலகத்தில் அவரைப் பேர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் செய்கிற கம்பெனி அது. இன்ஜின் வரைகிறவர்கள், இருக்கைக்குத் தோல் தேர்ந்தெடுக்கிறவர்கள், கதவு சாத்தும் சத்தத்தை மட்டும் நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் என்று மாடிக்கு மாடி ஆட்கள். இவருக்கு மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஓர் இரும்பு பீரோ, அதற்குள் நாற்பத்தொரு கோப்புகள். ஒவ்வொரு கோப்பும் ஒரு பெயர். எல்லாம் கம்பெனி எப்போதோ செய்து, எப்போதோ நிறுத்திவிட்ட கார்களுடைய பெயர்கள். வண்டி போனாலும் பெயர் போகக் கூடாது என்பதற்காக ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்டால், கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். ஐந்து வருஷம் ஒரு பெயரைப் போட்டு எதையும் விற்காமல் விட்டால், அந்தப் பெயர் கம்பெனியின் கையைவிட்டுப் போய்விடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் பேர்க்காரர் ஒரு சாவி வளையத்திலோ, கண்ணாடிக்கு வைக்கும் வெயில் தட்டியிலோ அந்தப் பெயரை அச்சடித்து, கம்பெனிக் கடையில் மூலையில் தொங்கவிட்டு, யாராவது ஒரு புண்ணியவான் வாங்கியதும் ரசீதையும் போட்டோவையும் கோப்பில் குத்தி வைப்பார். யாரும் வாங்காவிட்டால் அவரே வாங்குவார். அவருடைய வீட்டில் நாய்க்குட்டி கிடையாது, தோட்டம் கிடையாது, சாவி வளையம் மட்டும் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

நாற்பத்தொன்றில் ஒரே ஒரு பெயரை மட்டும் அவர் எப்போதும் கால்மிதியில்தான் போடுவார். மிதிபடட்டும் என்றுதான். வேறு விதமாகப் பழிவாங்கத் தெரியாத மனிதர் அவர்.

அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஊரெல்லாம் பலகை வைத்து எழுதியிருக்கிறார்கள், அது போதும். நீளமான மூக்கும் வெள்ளிப் பட்டையுமாக, அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் வாங்கிய வண்டி. பேர்க்காரரின் அக்கா வீட்டுக்காரர் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தார். டாக்டரிடம் இருந்தது அந்த வண்டி. ஒரு நாள் காலையில் டாக்டரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்புகையில், மேட்டிலிருந்து இறங்கும் ரோட்டில் பிரேக் பிடிக்கவில்லை. இரண்டு நாள் உயிர் இருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் பேர்க்காரரிடம் அவர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“கால் தரையைத் தொட்டுருச்சுடா. பெடல் தரையைத் தொட்டுருச்சு. நான் மிதிச்சேன்டா.”

விசாரணை அறிக்கையில் டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். நாலு வருஷம் கழித்து, காரணம் எதுவும் சொல்லாமல் அந்த வண்டியைச் செய்வதையும் நிறுத்தினார்கள். விபத்து நடந்தபோது பேர்க்காரர் அதே கம்பெனியில் சின்ன குமாஸ்தா. வேலையை விட்டுவிடுகிறேன் என்று அக்காவிடம் போய் நின்றார்.

“நீயும் வீட்டுல வந்து உக்காந்துட்டா என் பொண்ணை யாருடா படிக்க வைக்கிறது? போ, வேலைக்குப் போ” என்றாள் அக்கா. அவரைத் தூக்கி வளர்த்தவள். அவள் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. போனார். அன்றிலிருந்து அக்கா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ‘அந்த வண்டி’ என்பாள், அதுவும் எப்போதாவது. ரோட்டில் பழைய வண்டி ஒன்று எதிரே வந்தால் புடவைத் தலைப்பைச் சரி செய்வதுபோலத் திரும்பி நின்றுகொள்வாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெயரைத் தொலைத்துத் தலைமுழுக அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பதிவைப் புதுப்பிக்கிற கெடு. பாரத்தைப் பூர்த்தி செய்யாமல் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தார். யாரும் கேட்கவில்லை. கேட்க அந்த அறைக்கு யார் வருகிறார்கள்? கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெயரைக் கைவிட்டால் வேறு எவனாவது எடுத்து இன்னொரு வண்டிக்கு வைத்துவிடுவான். தன் பீரோவில் இருக்கிற வரைக்கும் அது கால்மிதியைத் தாண்டிப் போகாது. பூட்டி வைக்கத் தன்னைவிட்டால் ஆள் யார்?

பாரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு மற்ற கோப்புகள் ஏனோதானோ என்று நடந்தன. சிலவற்றை வேண்டாம் என்று மேலே இருந்தே சொன்னார்கள். இந்த ஒன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார். வருஷம் தவறாமல் கால்மிதி, ரசீது, போட்டோ, கடை முத்திரை.

இந்த வருஷம் கம்பெனி பேட்டரியில் ஓடும் சொகுசுக் கார் ஒன்றைச் செய்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். விளம்பரப் பிரிவில் ஆறு மாதம் உட்கார்ந்து முந்நூறு புதுப் பெயர்களைக் கண்டுபிடித்தார்கள், ஒன்றிலும் உப்புச் சப்பில்லை. அப்புறம் யாருக்கோ ஞானோதயம் வந்து, பழைய பெயர் ஒன்றையே வைத்துவிடலாம் என்று முடிவானது. விளம்பரப் பிரிவின் தலைவி, முப்பது வயதுப் பெண், பீரோவில் இருந்த கோப்புகள் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொண்டுபோனாள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு கோப்போடு சிரித்த முகமாகத் திரும்பி வந்தாள்.

“மத்ததெல்லாம் ஓட்டை சார். ஒரு வருஷம் ரசீது இருந்தா அடுத்த ஆறு வருஷம் இல்ல. யாராவது கேஸ் போட்டா நிக்காதாம். இது ஒண்ணுதான் யாராலயும் அசைக்க முடியாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. எப்படி சார் இப்படிப் பாத்துக்கிட்டீங்க?”

அவள் கோப்பை மேஜைமேல் வைத்தாள். அட்டையைத் திறக்கவே வேண்டாம், இதற்கென்று அவர் ஓரத்தில் ஒட்டிய துணிப் பட்டையே எது என்று சொல்லிவிட்டது.

“இது வேண்டாம்மா” என்றார்.

“ஏன் சார்?”

சொன்னார். முப்பது வருஷமாக அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாததை ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். அந்தப் பெண் கல்நெஞ்சக்காரி இல்லை. கண் கலங்கியது. எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“ரொம்பக் கஷ்டமா இருக்கு சார். ஆனா எழுத்துல ஏதாவது இருக்கா? பிரேக்னாலதான்னு?”

எழுத்தில் இருந்தது, வேறு மாதிரி.

“ரெண்டாயிரம் பேர்கிட்ட இந்தப் பேரைச் சொல்லிக் கேட்டோம் சார். ஒருத்தர்கூடத் தப்பா சொல்லல. எங்கப்பா வாங்கணும்னு ஆசைப்பட்ட வண்டின்னுதான் பாதிப் பேர் சொன்னாங்க.”

அக்காவிடம் யார் போய்க் கேட்டார்கள் என்று அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அக்காவையும் சேர்த்துக் கேட்டிருந்தால்தான் என்ன? ரெண்டாயிரத்தில் ஒன்று.

மேலிடத்துக்கு இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். மூன்று முறை கிழித்துவிட்டு நாலாவது முறை எழுதியது. அது நாலாம் நாள் ‘பார்வையிடப்பட்டது’ என்ற வட்ட முத்திரையோடு திரும்பி வந்தது. ஒரு சாயங்காலம் கோப்பையே பைக்குள் வைத்துக்கொண்டு கேட்வரை நடந்தார். வக்கீல் ஒவ்வொரு தாளையும் நகலெடுத்து வைத்திருக்கிறார் என்பது அங்கேதான் ஞாபகம் வந்தது. திரும்பி மாடியேறிப் பீரோவில் வைத்தார். தப்பு செய்யக்கூட அவருக்கு இடம் கொடுக்காத அளவுக்கு அவரே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார்.

கடைசியில் மரியாதை வேறு. புதுக் காரை மூடியிருந்த துணியை விலக்கப் பேர்க்காரரைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இத்தனை காலம் இந்தப் பெயரைக் காப்பாற்றிய மனிதர் என்று முதலாளி அவர் தோளில் கைபோட்டார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். “எல்லாரும் கை தட்டுறாங்க, எனக்கு எந்தப் பக்கம் இறங்குறதுன்னே தெரியல” என்றார். துணி வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது, காரும் அவரும், கீழே ‘பெயரைக் காத்தவர்’ என்று ஒரு வரியும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்லவேண்டும். அக்காவின் வீடு நாற்சந்தியைப் பார்த்த இரண்டாம் மாடி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்தின் உச்சியில் புதுசாக ஒரு விளம்பரப் பலகை, ஆள் உயர எழுத்துகளில் அந்தப் பெயர், உள்ளே விளக்கு. அக்காவின் நாற்காலி எப்போதும் இருக்கும் ஜன்னல் பக்கம் இல்லாமல் சமையலறை வாசலில் கிடந்தது. மேஜைமேல் பேப்பர் மடித்து வைத்திருந்தாள்.

“இவ்ளோ நாளா நீதான் வச்சிருந்தியா?”

“பூட்டித்தான்க்கா வச்சிருந்தேன். வெளியில விட்டா வேற எவனாவது எடுத்துக்குவான்னு...” அறுபதை நெருங்குகிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன்போல நின்று அழுதார்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“உனக்கு யாருடா நல்லது கெட்டது சொல்லிக்குடுத்தா? நான்தானே” என்றாள். “போய் முகத்தைக் கழுவிட்டு வா. இந்த ஜன்னலுக்கு ஒரு துணி கட்டணும். நாலு நாளாப் பாக்கறேன், எனக்கு எட்டல.”

அவர் முக்காலியில் ஏறினார். அக்கா கீழே நின்று அதை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். படுக்கை விரிப்பை இரண்டாக மடித்து, மேலே இரண்டு ஆணியில் இறுக்கிக் கட்டினார். இறங்கி வந்து இருவரும் பார்த்தார்கள். வெளியே இருட்ட இருட்ட, துணிக்குப் பின்னால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன.

“இன்னொண்ணு போடுடா” என்றாள் அக்கா.

அலமாரியில் இருந்த கம்பளிப் போர்வையை எடுத்துக் கொடுத்தாள். அதையும் கட்டினார். அப்போதும் தெரிந்தது.