அம்மாவுக்கு எந்தக் கல்லறைத் தோட்டம்

அம்மா இறந்த செய்தி வந்தபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. விசா புதுப்பிக்க லண்டனில் கொடுத்திருந்தேன்; கெஞ்சியும் உடனே கிடைக்கவில்லை. நான் ஒரே மகள். தூத்துக்குடி வீட்டில் அம்மாவின் உடலருகே, முத்தையாபுரத்திலிருந்து வந்த அம்மாவின் தங்கை, என் சித்தி, உட்கார்ந்திருந்தாள். அடக்கத்துக்கு வேண்டியதையெல்லாம் நான் போனிலேயே முடிவு செய்யவேண்டியிருந்தது.

அம்மா ஆங்கிலிக்கன் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபையில் பிறந்தவள். அப்பா கத்தோலிக்கர். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அப்பாவோடு பூசைக்குத்தான் போனாள். என்னையும் அப்படியே வளர்த்தாள். அப்பா இறந்ததும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அம்மாவும் அங்கேதான் போவாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஆனால் இறப்பதற்கு முந்தைய வருடம் ஒருநாள், சாளை மீனைக் கழுவிக்கொண்டே போனில் அம்மா சொன்னாள்: "நான் செத்தா எங்க அப்பா அம்மா கெடக்க எடத்துலயே என்னை வச்சிரு, என்ன?"

"வேற பேசும்மா" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

பெரியப்பாவிடம், அதாவது அப்பாவின் அண்ணனிடம், இதைச் சொன்னேன்.

"ஏளா, இத்தன வருசம் எங்களோட பூசை பாத்தவ. ஒங்கப்பன் குழியத் தொறந்து அதுலயே வைக்கதுதான் மொற. அவ சொன்னத வேற யாரு கேட்டா?"

"எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாவ, பெரியப்பா."

"அப்ப எந்தம்பி ஒத்தையில கெடக்கட்டும்னு சொல்லுத." போனை வைத்துவிட்டார்.

சித்தியிடம் கேட்டேன். "எங்கிட்ட அக்கா ஒண்ணும் சொல்லல. ஆனா நீ சொன்னா சரிதான்" என்றாள். அந்தச் சம்மதம் எனக்குத் தெம்பு தரவில்லை.

பிறகு அம்மாவின் பழைய ஆலயத்துக் குருவானவரை அழைத்தேன். இளவயதுக் குரல். அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. "இங்க ஞானஸ்நானம் வாங்குனவங்கதானே, போதும்மா. குழி வெட்டச் சொல்லிருதேன்" என்றார். "அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு எது?"

எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது அம்மா முனகும் ஒரு ராகம் மட்டும் ஞாபகம் இருந்தது. அதை முனகிக் காட்டினேன்.

"பிடிபடலியேம்மா" என்றார் மெதுவாக. "நானே ரெண்டு பாட்டு வச்சுக்கிடுதேன்."

அடக்கம் முடிந்ததும் சித்தி பேசினாள். உப்புக்காற்று புழுதியை வாரியடித்ததாம். கூட்டமே இல்லையாம். அப்பா வீட்டுக்காரர்கள் கல்லறைத் தோட்ட வாசல் வரை வந்தார்களாம். பெட்டியின் ஒரு முனையைப் பெரியப்பாதான் தூக்கிவந்தாராம். வாசலில் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டாராம்.

பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் ஊருக்குப் போனேன். அம்மாவின் மண்மேடு அதற்குள் தாழ்ந்திருந்தது. தாத்தா, ஆச்சியின் கல்லறைகள் அடுத்த வரிசையில் இருந்தன. பக்கத்தில் இடம் இல்லையாம். அம்மா அவர்கள் பக்கத்திலும் இல்லை, அப்பா பக்கத்திலும் இல்லை. நான் செய்தது சரிதானா என்று அங்கேயே நின்று யோசித்தேன். இன்றுவரை விளங்கவில்லை.

அங்கிருந்து பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெரியப்பா என் பயணத்தைப் பற்றி, லண்டன் குளிரைப் பற்றி விசாரித்தார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் வாசம் வந்தது. எழுந்தபோது, சாப்பிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை.