லாந்தர்காரனும் வீட்டோடு மாப்பிள்ளையும்

கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து ரயிலடிக்குப் போகிற சந்தில், ரீசார்ஜ் கடைக்கும் புரோட்டா கடைக்கும் நடுவே இஜாஸின் கேம் கடை இருந்தது. ரெண்டு டிவி, ரெண்டு பிளேஸ்டேஷன், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து இரும்புத் தூசியோடு வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். இங்கே உட்கார்ந்து யாரையாவது நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் போவார்கள். சூப்பர்வைசரை அடிக்க முடியாத கை, டிவியில் இருக்கிறவனை அடித்தாவது ஆறட்டுமே. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அந்தச் சந்தில் அதைவிட மலிவான ஆறுதல் கிடைக்கவில்லை.

இஜாஸுக்குப் பிடித்தவன் லாந்தர்காரன். மாயமந்திர கேம் ஒன்றின் கதாநாயகன். பர்மா பஜாரில் வாங்கிய டிஸ்க், முழுக்க ஜப்பான் எழுத்து, அதனால் அவனுடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. கையில் லாந்தர் கட்டிய தடி இருக்கும், அந்தப் பெயரே நின்றுவிட்டது. சொந்த கேமில் அவன் வைத்ததுதான் சட்டம். தடியைத் தூக்கினால் இருட்டு விலகும், பூட்டிய கதவு திறக்கும், பேய்கள் வழிவிடும். அவனுக்கு என்று ஒரு ஊர், ஒரு அக்கா, சொன்ன பேச்சு கேட்காத ஒரு கழுதை எல்லாம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், கேம் செய்கிற கம்பெனிக்காரர்கள் அவனை மற்ற கேம்களுக்கும் விருந்தாளியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கார் ரேஸில் திடீரென்று ஒரு காருக்குள் லாந்தரோடு உட்கார்ந்திருப்பான். கால்பந்தில் நீள அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு கோல் காப்பான். சண்டை கேமில் கராத்தே ஆட்களுக்கும் குஸ்தி ஆட்களுக்கும் நடுவே வந்து நிற்பான். ஆனால் போன இடத்தில் மந்திரம் ஒன்றும் பலிக்காது, லாந்தர் வெறும் தடிதான். மற்றவர்களுக்கெல்லாம் சண்டை போட அவரவர் தெரு, அவரவர் கோட்டை இருக்கும். இவனுக்குக் கிடையாது. ஜெயித்ததும் மற்றவர்கள் வீர வசனம் பேசுவார்கள். இவன் தலையைக் குனிந்தபடி சும்மா நிற்பான்.

"இன்னா பாய், ஜெயிச்சிட்டு எழவு ஊட்ல நிக்கிற மாதிரி நிக்கிறான்?" என்று கேட்டார் ஆசீர்வாதம். உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர், கடையின் தினசரி வாடிக்கை.

"கெஸ்ட்டுண்ணே அவன். வந்த எடத்துல இன்னா பேசுவான்?" என்றான் இஜாஸ்.

சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. அதற்குக் காரணம் இருந்தது. வாப்பாவும் உம்மாவும் சின்ன வயதிலேயே போய்விட, அவன் கவரைப்பேட்டையில் மாமா வீட்டில் வளர்ந்தவன். எத்தீம் பிள்ளையை, அதாவது தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை, கடிந்து பேசக்கூடாது என்பது மார்க்கம். மாமா மார்க்கம் தவறாதவர். சொந்தப் பிள்ளைகள் பெயிலானால் பெல்ட் பறக்கும். இஜாஸ் பெயிலானால், "பரவால்ல கண்ணு, அடுத்த தரம் பாத்துக்கலாம்." அடி வாங்கியவர்கள் இவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அடி வாங்கிய கையோடு தங்கள் அம்மாவின் மடியில் போய் விழுந்து அழுதவர்களைப் பார்த்து இவன் பொறாமைப்பட்டான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என்னை யாரும் திட்டவில்லை என்று புகார் கொடுத்தால் சிரிக்கமாட்டார்களா?

அப்புறம் கல்யாணம் வந்தது. பழவேற்காட்டில் இறால் காயவைத்து வியாபாரம் செய்கிற பரீதாவுக்கு ஒரே மகள் நாஜியா. பரீதாவின் கணவர் காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டோடு இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. இஜாஸ் சந்தோஷமாகத் தலையாட்டினான். தினமும் பைக்கில் பொன்னேரி வழியாகக் கடைக்குப் போய்வர வேண்டும், அதனால் என்ன, கடைசியில் நமக்கும் ஒரு வீடு என்று நினைத்தான்.

பரீதாவின் வாய் படகுத்துறை வரைக்கும் பிரசித்தம். லாரி டிரைவர், ஐஸ் வண்டிக்காரர், காக்கா, பூனை, பெற்ற மகள், ஒருவரும் தப்ப முடியாது. அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்பவர் சடையப்பன், மூட்டை தூக்க வந்து பல வருஷமாக அங்கேயே தங்கிவிட்டவர். "துன்றதுக்கு மட்டும் ஜோரா வந்துடு, எருமை" என்று திட்டிக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைப்பாள். "உன் கொழம்புக்கு நான்தான் வரணும் பாயம்மா, வேற எவன் வருவான்" என்பார் அவர், வாய் நிறைய சோறோடு. நாஜியா சிரிப்பாள். இந்தக் கூத்தெல்லாம் சமையலறையில். இஜாஸ் மட்டும் கூடத்தில், மேஜையில், பூப்போட்ட பீங்கான் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பான்.

"மாப்பிள்ளைக்கு வேற எதுனா வேணுமா?" என்று பரீதா நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள். மீன் தலை அவனுக்குத்தான். முதல் டீ அவனுக்குத்தான். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கப் போனால் வீடே பதறும்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. இஜாஸ் என்னென்னவோ செய்து பார்த்தான். ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டான். சொல்லாமல் லேட்டாக வந்தான். ஒரு நாள் பூப்போட்ட கண்ணாடி கிளாஸ் கை தவறி விழுந்து உடைந்தது. சத்தியமாக வேண்டுமென்று செய்ததில்லை, ஆனாலும் மனசுக்குள் ஒரு எதிர்பார்ப்பு.

"போனா போவுது மாப்பிள்ளை, கண்ணு கழிஞ்சுது" என்றாள் பரீதா. உள்ளே போய், அந்த கிளாஸை ஓரத்தில் வைத்ததற்காக நாஜியாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

அன்றைக்குத்தான் அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று. "கவரப்பேட்டைல ஒரு ஊடு பாத்துக்கிறேன். மாசம் பொறந்ததும் போயிடலாம்" என்றான் நாஜியாவிடம்.

அவள் முகம் வாடிவிட்டது. "உம்மா தனியா இன்னா பண்ணும்? உங்களுக்கு இங்க இன்னா கொறை?"

"ஒரு கொறையும் இல்ல. அதான் பேஜாரு."

அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்க அவனுக்கும் தெரியவில்லை. புருஷனா உம்மாவா என்று அந்தப் பெண் அழுததைப் பார்த்து, தன்னையே நொந்துகொண்டான். ஆனாலும் அந்த மேஜையில் இன்னொரு வருஷம் உட்கார முடியாது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

மாசம் பிறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. வெள்ளியன்று கடை லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவன், பழைய பிளேஸ்டேஷனைக் கூடத்து டிவியில் மாட்டி உட்கார்ந்தான். புதிதாக வந்த சண்டை டிஸ்க்கிலும் லாந்தர்காரன் விருந்தாளி. கடைசிவரை எல்லாரையும் ஜெயித்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவுக் கதை வரும் என்று ஆசீர்வாதம் சொல்லியிருந்தார். லாந்தர்காரனை வைத்துக் கடைசிவரை யாரும் போனதில்லை. இதிலாவது அவனுக்கு ஒரு கதை வைத்திருப்பார்களா என்று இஜாஸுக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

பரீதாவும் சடையப்பனும் படகுத்துறைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார்கள். நாஜியா சாயங்கால அஸர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி உளூ செய்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். "நான் தொழுதுட்டு வரேன். பின்னால எறா காயுது, மேகம் கட்டுனா ஒரு கொரல் குடுங்க."

அந்த வீட்டில் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை அது. பெருமையாகத் தலையாட்டினான். ஆட்டிவிட்டு என்ன செய்தான் தெரியுமா? டிவியில் வெளிச்சம் அடிக்கிறது என்று பின்கதவுத் திரையை இழுத்து மூடினான்.

கடைசி எதிரி மலை மாதிரி இருந்தான். இஜாஸ் ரெண்டு தரம் தோற்றான், மூன்றாவது தரம் லாந்தர் தடி சரியான இடத்தில் இறங்கியது. எதிரி சாய்ந்தான். இஜாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தான். டிவி கறுத்தது. கேம் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஏறத் தொடங்கின. அவ்வளவுதான், கதை ஒன்றும் இல்லை. லாந்தர்காரன் எங்கே போனான் என்றுகூட யாரும் சொல்லவில்லை. இஜாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேமுக்காக ஒரு ஆம்பிளை அழுவானா என்று நீங்கள் கேட்கலாம். கேமுக்காக இல்லை.

"இஜாஸு!"

பின்பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். பின்கதவுத் திரை விலகியது. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட பரீதா நின்றாள். அவளுக்குப் பின்னால் கோடை மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ண எங்க வச்சிக்கினு இருந்த? மழை ஊத்துறது காதுல உழல? அத்தினி எறாவும் நனையுது, இங்க பொம்மை பாத்துக்கினு குந்திக்கிற! எழுந்து வாடா, தார்ப்பாயப் புடி!"

அவன் எழுந்து ஓடினான். ஒரு முனையை சடையப்பன் பிடிக்க, மறுமுனையை இவன் பிடித்தான். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. "இளுத்துப் புடி! சோறு துன்ற கைதான அது? கல்ல எடுத்து வையி! அந்தக் கல்லு இல்ல, பெரிய கல்லு! ஐயோ, எனக்குன்னு வந்து வாச்சிக்கிது பாரு!" மழைச் சத்தத்தை மீறி பரீதாவின் குரல் கேட்டது. இஜாஸ் ஓடி ஓடிக் கல் வைத்தான். தாழ்வாரத்துக்கு ஓடிவந்த நாஜியா, தொழுகைத் துணியோடு அப்படியே மலைத்து நின்றாள்.

பாதி இறால் தப்பியது. தாழ்வாரத்தில் ஒதுங்கியபோதுதான் பரீதாவுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளை... பாழாப்போன வாயி, ஆத்திரத்துல என்னவோ சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க. உள்ள வந்து உக்காருங்க, டீ போட்டுத் தரேன்."

அவன் அசையவில்லை. முகத்தில் ஓடியது எல்லாம் மழைத் தண்ணீர் இல்லை என்பதை நாஜியா பார்த்துவிட்டாள்.

"மாமி, நிறுத்தாதீங்க" என்றான். "என்னய யாருமே திட்னது இல்ல மாமி. சின்ன வயசுலேர்ந்து, ஒருத்தரும்."

பரீதா அவனையே பார்த்தாள். மூட்டை மூட்டையாகச் சரக்கை முகர்ந்து தரம் சொல்கிற பெண்பிள்ளை, ஒரு வருஷமாகத் தன் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள் போலும். தன் முந்தானையைப் பிழிந்து, அவன் தலையைப் பிடித்து, அழுத்தித் துவட்ட ஆரம்பித்தாள். கொஞ்சம் வலிக்கவே செய்தது.

"அறிவுகெட்டவனே, இத வாயத் தொறந்து சொல்றதுக்கு ஒரு வருசமா? சளி புடிச்சா எவன் பாக்கறது? சட்டைய மாத்து. போய் அடுப்பாண்ட குந்து."

அன்று மாலை அவன் சமையலறைத் தரையில், சடையப்பனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, அலுமினியத் தட்டில் சாப்பிட்டான். மீன் தலை சடையப்பனுக்குப் போயிற்று. கவரைப்பேட்டை வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை.

சனிக்கிழமை கடையில் ஆசீர்வாதம் லாந்தர்காரனை எடுத்து ஆடினார், ஜெயித்தார். அவன் வழக்கம்போலத் தலையைக் குனிந்து நின்றான்.

"இவன் எப்பதான் பாய் வாயத் தொறப்பான்?"

இஜாஸ் தும்மினான். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"அந்த ஊட்ல அவன இன்னும் யாரும் திட்டலண்ணே."