சிவப்பு வண்டிக்கு நான் கொடுத்த முதல் இடம்

என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். போனில் இன்னும் வேகம் வரவில்லை, அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்துப் போடுகிறேன்.

அடுத்த வீட்டுக் கவிதா கார் ரேஸ் டீம் ஒன்றில் மெக்கானிக். அவர்களுடையது சிவப்பு வண்டி.

ரசிகர்கள் டீம்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் பக்கம் ஒன்று இன்று காலை போனில் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். சிவப்பு வண்டிக்கு ஒன்று போட்டேன். எப்போதும் அவர்களை முந்தும் நீல வண்டிக்கு ஐந்து. சிவப்பின் கீழே நானாகவே ஒரு வரியும் எழுதினேன்: "உங்களுக்கு இதுதான் சரியான இடம்."

பெரியநாயக்கன்பாளையம் பேக்கரியில் டீ ஆறுவதற்குள் இதயங்கள் குவிந்தன. வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன்.

சாயங்காலம் கவிதா வந்தாள். "ஏனுங்க அப்பாரு, எங்க மேல அப்படியென்ன கோவமுங்க?"

"கோவமா? ஃபர்ஸ்ட் ரேங்க் போட்டிருக்கறேன் கண்ணு."

"அஞ்சுதானுங்க ஒசத்தி. ஒண்ணுன்னா மட்டம். இதயம் போட்டவங்க பூராம் நீல வண்டிக்காரங்க. எங்க டிரைவர் அதைப் படிச்சுப்போட்டு மத்தியானம் சோறே உங்கலீங்க. நாளைக்கு ரேஸு."

எனக்கும் ராத்திரி சோறு இறங்கவில்லை.

நட்சத்திரத்தை ஐந்தாக மாற்றிக் கொடுத்தாள். இப்போது என் வரி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டிரைவர் மறுபடி பார்ப்பாரா?

நீல வண்டிக்காரர்களே, உங்கள் இதயங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். திட்டுவதென்றால் பெரிய எழுத்தில் திட்டுங்கள். படித்து முடித்துப் பதில் எழுத எனக்கு அடுத்த வாரம் ஆகிவிடும்.