அக்கா ஓரிடத்தில் வைக்காத பணம்

1946ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். பனி இறங்கிக் கிணற்றடி தெரியாமல் இருந்தது, காற்று இல்லை. அந்நேரத்தில் நீர்வேலியில், தாம் பிறந்த வளவிலேயே, என் தமக்கையார் சிவபதம் அடைந்தார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மூன்று வயது இளையவனாகிய நான் அருகில் இருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்நினைவுமலரைக் கையிற் பெறும் உறவினருக்கும் நண்பருக்கும் அவருடைய வாழ்வைச் சொல்வது என் கடமை. அச்சுக்கூடத்தார் நான்கு பக்கத்துக்கு மேல் கூடாது என்றபடியால் சுருக்கிச் சொல்கிறேன்.

எங்கள் பெற்றோருக்குப் பிறந்த ஐவரில் மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர். என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள், அக்காவை அனுப்பவில்லை. நான் மலாயாவுக்குப் போய், றப்பர்த் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தேன். அக்கா தமது முப்பத்தோராவது வயதில் அத்தானைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அவருக்கு இருந்தவை ஒரு மகளும், சீதனமாக வந்த எட்டுப் பரப்புத் தோட்டமும், இருபத்துமூன்று பனைகளும்.

அவற்றைக் கொண்டு அவர் சீவித்தார். வாழை வைத்தார். இரண்டு பசு வளர்த்தார். பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காயவைத்து விற்றார். இருபது பெண்கள் மாதம் நான்கு ரூபா போடும் சீட்டில் சேர்ந்தார். தபாற் கந்தோரில் சிறுகச் சிறுகச் சேமித்தார். அயலவர் ஒருவரோடு கூட்டாக மாட்டுவண்டி வாங்கி, ஊராரின் வாழைக்குலைகளைச் சந்தைக்கு ஏற்றுவித்து, கூலியில் பாதியைப் பெற்றார். 1926இல் நான் விடுமுறையில் வந்தபோது இதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

“உதெல்லாம் என்ன சில்லறை வேலை, அக்கா? ஒண்டைப் பிடிச்சு ஒழுங்காச் செய்யுங்கோவன்” என்றேன்.

“ஓம் தம்பி, நீ பெரிய உத்தியோகத்தன். என்ரை மாட்டுக்கு உன்ரை இங்கிலீசு விளங்காது. அந்த வைக்கலை எடுத்துப் போட்டிட்டு வந்து கதை” என்றார்.

1934இல் நான் ஓய்வுபெற்றுக் கோப்பாயில் வீடு கட்டிக்கொண்டேன். எனக்கு நான்கு வருமானங்கள் இருந்தன: கம்பனி தரும் மாதப்படி, மலாயாவின் சிரம்பானில் இரண்டு கடைகளின் வாடகை, றப்பர்ப் பங்குகளின் லாபம், அங்குள்ள மகன் அனுப்பும் காசு. நான்கு தூண் வீடு என்று அக்காவிடமே பெருமை பேசியிருக்கிறேன். 1941 டிசம்பரில் யப்பான்காரர் மலாயாவில் இறங்கினார்கள். நான்கும் ஒரே மாதத்தில் நின்றன. நான்கென்று எண்ணியது என் பிழை. எல்லாம் ஒரே நாட்டிலிருந்து ஒரே கப்பலில் வந்தவை.

மூன்று மாதம் கையிருப்பில் ஓட்டினேன். 1942 மார்ச் மாதத்தில் என் மனைவியாருக்கு வயிற்றில் கட்டி என்று டாக்குத்தர் கண்டார். பத்து நாளுக்குள் மிஷன் ஆசுப்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும். தவறினால் தாம் பொறுப்பில்லை என்றார். செலவு இருநூற்றைம்பது ரூபா. என்னிடம் இருந்தது பதினொன்று. நகைகள் மகளின் சீதனத்தோடு போய்விட்டன. வங்கிப் புத்தகம் மேசையில் இருந்தது. வங்கி சிரம்பானில் இருந்தது.

என் பேரில் ஆறு பரப்புக் காணி உண்டு. அதை விற்க, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன்.

“அண்ணை, உந்தக் காணிக்கு ஒரு பங்காளி இருக்கிறாரெல்லோ? தேசவழமைச் சட்டப்படி முதல் அவருக்கு அறிவிக்க வேணும். அவர் வேண்டாமெண்ட பிறகுதான் பிறத்தியாருக்கு எழுதலாம்” என்றார் அவர்.

“அவர் மலாயாவிலை, ஈப்போவிலை. கடிதம் போகாது.”

“அப்ப காணியும் ஈப்போவிலைதான் கிடக்குது எண்டு நினையுங்கோ. பிறகு வழக்கு வருமெண்டு தெரிஞ்சு ஆர் வாங்குவான்?”

ஈடு வைக்கக் கேட்டேன். அதற்கும் இதே மறுமொழி. நான்கு நாளில் ஒன்பது வீட்டுப் படி ஏறினேன். ஒன்பதிலும் மலாயாக் காசு நின்றுபோயிருந்தது. வீட்டுக்குத் திரும்பினால் மனைவியார் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, “போன காரியம் என்ன?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து வேலிப் படலையடியில் நின்றிருக்கிறேன். ஐந்தாம் நாள் இரண்டு மைல் நடந்து நீர்வேலிக்குப் போனேன்.

“என்ன தம்பி, இந்த வெய்யிலுக்கை நடந்து வாறாய்? வாடகைக் கார் எங்கை?”

“பெற்றோல் இல்லை, அக்கா.”

“பெற்றோல் இல்லையோ, காசு இல்லையோ?”

சொன்னேன். அக்கா வாழைநாரைக் கிழித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னட்டை ஒரு இடத்திலை இருநூற்றைம்பது இல்லை” என்றார்.

நான் எழுந்தேன்.

“இரு. ஒரு இடத்திலை எண்டுதானே சொன்னனான்.”

மறுநாள் சீட்டில் பன்னிரண்டு ரூபா கழிவு விட்டு, அறுபத்தெட்டு ரூபாவுக்கு எடுத்தார். கன்றோடு நின்ற நல்ல பசு அறுபத்திரண்டுக்குப் போயிற்று. முற்றியதும் முற்றாததுமாக முப்பத்துநான்கு குலைகளை வெட்டுவித்தார், நாற்பத்தொன்றரை வந்தது. தபாற் கந்தோரில் முப்பத்தைந்து, ஒடியலில் பதினொன்றேகால். நான் அவர் பின்னால் நடந்து கூட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாம் நாள் மாலை இருநூற்றுப் பதினேழேமுக்காலில் நின்றது. அக்கா வேலிக்கு அப்பால் நின்ற கூட்டாளியைக் கூப்பிட்டு, வண்டியில் தமக்கிருந்த பாதியை நாற்பது ரூபாவுக்கு விட்டுக்கொடுத்தார்.

மொத்தம் இருநூற்றைம்பத்தேழு ரூபா எழுபத்தைந்து சதம். பத்தாம் நாள் காலை சத்திரசிகிச்சை நடந்தது. என் மனைவியார் பிழைத்தார்.

அதன்பின் நாலு வருடம் அக்கா மற்றவர் வண்டிக்குக் கூலி கொடுத்தே தம் குலைகளைச் சந்தைக்கு அனுப்பினார். எடுத்து முடித்த சீட்டுக்கு, அதன் தவணை தீரும்வரை, மாதம் நான்கு ரூபா கட்டினார். ஒரு பசுவோடு இருந்தார். அவர் வளவுக்குப் போகும்போதெல்லாம் வெறுங்கட்டுத்தறியைப் பாராமல் இருக்க முயல்வேன்; முடிவதில்லை. அவர் ஒருமுறையாவது திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

இவ்வருடம் ஜனவரி முதற் கிழமையில் கம்பனியின் நிலுவையில் ஒரு பகுதி வந்தது. அன்றே போய் இருநூற்றைம்பத்தேழு ரூபா எழுபத்தைந்து சதத்தை அக்காவின் முன் வைத்தேன்.

“இதென்ன?”

“உங்கடை காசு, அக்கா.”

“நான் உனக்குக் காசோ தந்தனான்? மாடு தந்தனான். வண்டி தந்தனான். குலை தந்தனான். அதுகளைத் தா.”

“யுத்தத்திலை எல்லாம் விலையேறிப் போச்சே, அக்கா!”

“அதுக்கு நானோ சண்டை பிடிச்சனான்? ஒடியலை மட்டும் விடுறன். எனக்கு இப்ப பல்லில்லை.”

கன்றோடு பசு இருநூற்றுப்பத்து ரூபா. வண்டியில் பாதி நூற்றுப்பதினைந்து. முப்பத்துநான்கு குலைக்கு அன்றைய சந்தை விலை நூற்றுநாற்பத்துநான்கரை. சீட்டுக்குக் கழிவில்லாமல் எண்பது. தபாற் கந்தோருக்கு வட்டியோடு முப்பத்தொன்பது. இரண்டு இரவு நித்திரையில்லாமல் இருந்தேன். கணக்கில் பிழை காண முடியவில்லை. பசுவும் வண்டியில் பாதியும் வாங்கிக் கொடுத்தேன்; மற்றவற்றைக் காசாகக் கொடுத்தேன்.

மூன்று கிழமை அக்கா அந்தப் பசுவைத் தம் கையாலே கறந்தார். பின்பு மார்புச்சளி கண்டது; எட்டாம் நாள் போய்விட்டார். இறுதிக் கிரியைச் செலவை நான் ஏற்பதாகப் அக்காவின் மகளிடம் சொன்னேன்.

“வேண்டாம் மாமா. பாற்காசு இருக்கு, குலைக்காசு இருக்கு, வண்டிக்கூலியும் வந்தது. அம்மா ஆரிட்டையும் வாங்க வேண்டாமெண்டவ” என்றார்.

நோயில் வைத்தியம் பார்த்த பரியாரியாருக்கும், பாடை சுமந்த எண்மருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், முப்பத்தொரு நாளும் துணையிருந்த அயலவர்க்கும், வண்டிக் கூட்டாளியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரின் அச்சுக்கூலியையும் மகளே கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு சதமும் கேட்கப்படவில்லை. ஆகவே, என் மனைவியாரின் உயிருக்காக நான் கொடுத்து முடித்தது ஐந்நூற்றெண்பத்தெட்டு ரூபா ஐம்பது சதம்.