வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு துண்டு

ஊசி எங்காவது தங்கிவிட்டதோ என்ற பயத்தில்தான் என் வகுப்பு ஒவ்வொரு நாளும் முடியும். எல்லோரும் தைத்ததை மடித்து வைத்த பிறகு, ஒவ்வொரு துணியையும் வாங்கி உள்ளங்கையால் தடவுவேன். அப்புறம் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பேன். கைக்குத் தப்பினது கன்னத்துக்குத் தப்பாது. பெண்கள் சிரிப்பார்கள்.

"டீச்சரு துணிக்கு முத்தா குடுக்குது பாரு."

டீச்சர் என்பதே கேலிதான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கணக்கு வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்றுபோனேன். நெசவுக்காரர் வீட்டில் ஒரு பெண் பள்ளியிலிருந்து நின்றுவிட்டால் யாரும் துக்கம் கேட்டு வரமாட்டார்கள். கைக்கு வேலை கிடைத்தது என்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பிள்ளையார்பாளையத்தில் மாதர் சங்கம் என்று ஓர் ஒற்றை அறை இருந்தது. மத்தியானங்களில் அங்கே ஒட்டு வேலை சொல்லிக் கொடுத்தேன். தறியில் அறுத்துப் போட்ட பட்டுத் துண்டுகளைச் சேர்த்துச் சின்னச் சின்னப் படங்கள் செய்வோம். கோபுரம், குளத்துப் படி, ஒரு கிளி. பூ வேலைக்காகத் தறிக்கு மேலே பெட்டியில் ஓடித் தேய்ந்த துளை அட்டைகள் வீணாகக் கிடக்கும். அதை அடியில் வைத்து, துளை வழியாகச் சரிகையைக் கோத்து வாங்கினால் படம் விறைப்பாக நிற்கும். குந்துமணி, கண்ணாடி மணி, தேங்காய் ஓட்டில் செதுக்கின பொத்தான் எல்லாம் வைத்துத் தைப்போம். குழந்தைகளுக்கு மட்டும் அட்டையும் மணியும் இல்லாமல், உள்ளே பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்து மெத்தை விரிப்பு தைப்போம். வந்தவர்களில் பாதிப்பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள்.

பக்கத்துக் கிராமம் முசரவாக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவாள். பயிர் வைக்கிற வீட்டுப் பெண். வகுப்பிலேயே மோசமான தையல் அவளுடையதுதான். "உன் தையல் சந்துல எலி பூந்துடும் அக்கா" என்பேன். கோபித்துக்கொள்ள மாட்டாள். முதல் இரண்டு குழந்தைகளும் ஒரு மாதம் தாண்டாமல் போய்விட்டிருந்தன. மூன்றாவது வயிற்றில் இருந்தது.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு என்னிடம் கேட்டாள். "மடிப்பிச்சை எடுக்கணும் டீச்சரு. கூட வரியா? இந்தத் தெருவெல்லாம் எனக்குத் தெரியாது."

பிள்ளை தங்காத வீட்டில் அப்படி ஒரு வழக்கம். அடுத்து பிறக்கிறதைச் சொந்தத் துணியில் கிடத்தக் கூடாது. பிள்ளைகள் நன்றாக இருக்கிற வீடுகளில் முந்தானையை ஏந்தித் துணி வாங்கி, அதில்தான் கிடத்த வேண்டும். இது எங்கள் பிள்ளை இல்லை, ஊரார் போட்ட பிச்சை என்று எதையோ நம்பவைப்பதற்கு. சாவு விழுந்த வீட்டுத் துணி ஒரு நூல்கூட வரக்கூடாது என்று அவள் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள். எந்த வீட்டில் யார் போனார்கள் என்பது எனக்குத்தானே தெரியும்? அப்படியானால் தப்பு நடந்தால் அதுவும் என் தலையில்தானே?

மறுநாள் போனோம். நான் முன்னால், அவள் முந்தானையை இரண்டு கையால் விரித்துக்கொண்டு பின்னால். வேண்டாத வீடுகளை ஜாடை காட்டித் தாண்டினேன். தெருக்குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடி, வாத்தியாரம்மா பிச்சைக்கு வந்துட்டாங்க?"

"எனக்கில்ல அத்தை, இந்த அக்காவுக்கு."

"எங்க ஊட்டுத் துணில படுத்தா எங்க ஊட்டுக்காரரு மாதிரி கொறட்டை வுடும்மா புள்ள. பரவால்லியா?"

"மூச்சு வுட்டா போதும்மா" என்றாள் அக்கா. "கொறட்டைகூட வுடட்டும்."

அதோடு சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தியாக வீட்டுக்கு ஓடி, கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். ஒரே தள்ளுமுள்ளு. வீடுகளைப் பார்த்துப் பார்த்துத் தாண்டினவள், இங்கே கைகளைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

சரிகை குழந்தைக்குக் குத்தும் என்று எல்லாத் துண்டிலும் கரையை வெட்டி எடுத்தோம். சதுரம் சதுரமாக நறுக்கி, நான் இணைத்துக் கொடுக்க, அவள் மேலே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். வேலை முடியப்போகிற சமயம். விரிப்பைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு துண்டு வெங்காயச் சருகு நிறத்தில் இருந்தது. கொஞ்சம் சாய்த்தேன். பச்சை ஓடியது.

அந்தத் துண்டின் பாவை, நீளவாக்கு நூலை, நான்தான் சேர்த்தேன்.

பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கிற வேலைக்கு அந்த நாளில் வீடு வீடாகப் போவேன். ஒரு நெசவுக்காரர் தன் மகளுக்கே சேலை நெய்யப் பாவு ஏற்றினார். பட்டு நெய்கிறவர் வீட்டில் பட்டுக் கட்டுவது அபூர்வம். மகளுக்கு வளைகாப்பு, அவளே கேட்ட நிறம். வெங்காயச் சருகில் பாவு, பச்சையில் குறுக்கு ஊடை. அந்தச் சேர்மானத்தை வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. புதுப் பாவு ஏற்றியதும் பூ சரியாக விழுகிறதா என்று ஒரு சாண் நெய்து பார்த்து, அதை அறுத்து எடுத்துவிட்டுத்தான் சேலையைத் தொடங்குவார்கள். என் கையில் இருந்தது அந்த ஒரு சாண். வளைகாப்பு முடிந்து சில வாரத்தில், வயிற்றுப் பிள்ளையோடு அவள் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சேலையைக் கட்டித்தான் கொண்டுபோனார்கள்.

"அக்கா, இந்தத் துண்டைப் பிரிச்சுடலாம்."

"ஏன், கோணலா இருக்குதா?"

சொன்னேன். சொல்லாமல் என்னால் அதைத் தொட முடியவில்லை. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அந்தத் துண்டைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணா? எங்க ஊரு ரோட்டுல கல்லு நட்டாங்களே, அதுவா?"

வயிற்றுச் சுமையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். நிமிர்ந்த இரண்டு கல்லின் மேல் ஒரு படுக்கைக் கல். தலைச்சுமையோடு போகிறவர்கள் குனியாமல் இறக்கி வைக்கலாம். அவர்கள் சுமை இறங்க இறங்க அவள் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை.

"தெனம் புல்லுக்கட்டை அது மேலதான் இறக்கறேன்" என்றாள் அக்கா. "ஒருநாளும் வேணான்னு அவ தள்ளல. இப்ப மட்டும் கெடுதல் பண்ணிடுவாளா?"

"கல்லு வேற, துணி வேற அக்கா. துணி ஒடம்புல ஒட்டிக்கினே இருக்கும்."

"எம்மாமியாகிட்ட சொல்லிடாதே." அவ்வளவுதான் சொன்னாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டாள். நூல் இரண்டு தடவை தப்பியது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே அந்த வீட்டுக்குப் போனேன். இறந்தவளின் அம்மா வாசற்படிக்குள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"நான்தாம்மா போட்டேன். கொழாயடியில."

"தெரிஞ்சேவா பெரியம்மா?"

"தெரிஞ்சுதான். அவ வயித்துல இருந்தது ஒரு துணிலயும் படுக்கலியே. ஒரு சாணாவது ஒரு புள்ளைக்கு அடியில கெடக்கட்டும்."

ராட்டை நிற்கவேயில்லை. துணியைக் கொடுத்தாளா, பிள்ளையைக் கேட்கிறாளா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே கேள்விதான். அதற்குப் பிறகு எந்தப் பட்டைச் சாய்த்துப் பார்த்தாலும் அடியில் பச்சை ஓடுகிற மாதிரியே இருந்தது.

ஆண் பிள்ளை பிறந்தது. பிச்சையாக வந்தவன் என்று பொருள்படவே பேரும் வைத்தார்கள். ஒரு மாதம் தாண்டியது. இரண்டு தாண்டியது. அக்கா வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, நான் தனியாகச் சங்கத்து அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்காரர் வந்தார். மருந்து வாங்க வந்தவர். சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை.

"புள்ளைக்கு அனலா கொதிக்குதும்மா. கண்ணு தொறக்கல."

துடைப்பத்தை அப்படியே போட்டேன். சின்னக் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சுமைதாங்கி வந்ததும் சாலையின் மறுபக்கத்துக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டினேன்.

பிள்ளை விரிப்பின்மேல் கிடந்தான். மூச்சில் சீழ்க்கை. மாமியார் கொல்லையில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தூக்கு அக்கா. ஊசி கீசி இருக்குதான்னு பாத்துடறேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். "கத்தரிக்கோல் கொண்டாந்தியா?"

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, விரிப்பைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"பிரி. முடிஞ்சா பிரி."

எடுத்து மடியில் போட்டேன். அந்தத் துண்டு சூடாக இருந்தது, பிள்ளையின் சூடுதான். அதைச் சுற்றி நான் இணைத்த தையலுக்கு மேலே இன்னொரு தையல் ஓடியிருந்தது. அதற்குள் இன்னொன்று. அதற்கும் உள்ளே இன்னொன்று. நெருக்கி நெருக்கிப் போட்ட பின்தையல், எள்ளைவிடச் சின்னதாக, மடித்து வைத்த பருத்தி அத்தனையும் கவ்விக்கொண்டு. நான் கற்றுக்கொடுத்த தையல்தான். எனக்கே அவ்வளவு நெருக்கமாக வராது. கத்தரிக்கோல் முனையை நுழைக்க ஓர் இடம் தேடினேன். சுற்றிச் சுற்றித் தேடினேன். இல்லை.

"இதை எப்ப போட்டே?"

"நீ பிரிச்சுடலாம்னு சொன்னியே, அன்னிக்கு ராவே ஆரம்பிச்சேன். எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனைச்சியா? எங்கூட்டுல போன ரெண்டும் தாயில்லாம அங்க கெடக்குது. அவ புள்ளைய மடியில போட்டுக்காம போனவ. அதுங்கள அவ பாத்துக்குவா. அவ துணிய நானே அறுத்துப் போட்டா, அதுங்களுக்கு யாரு இருக்கா?"

கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டேன். விரிப்பை நீவிப் போட்டேன். அவள் பிள்ளையைக் கிடத்தினாள், தலை சரியாக அந்தத் துண்டின்மேல் இருக்கும்படி. இருவரும் இரண்டு பக்கம் உட்கார்ந்தோம். மருந்தும் இருந்தது, கஷாயமும் வந்தது. எதை எப்போது புகட்டினோம் என்று நினைவில்லை. வெயில் சாய்ந்தபோது அவன் கழுத்தில் வியர்வை பூத்தது. அப்புறம் தலை முழுக்க. வாயைச் சப்பிக்கொண்டு முகத்தை அம்மா பக்கம் திருப்பினான். பால் குடித்துவிட்டு அதே இடத்தில் தூங்கினான்.

பொழுது இறங்குவதற்குள் ஊர் திரும்பினேன். எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, அந்த வீட்டு வாசற்படியில் பெரியம்மா நின்றிருந்தாள். நடந்து வருகிற என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் எறங்கிச்சா?"

யாராவது சொல்லியிருக்கலாம். மருந்துக் கடையில் அக்கா வீட்டுக்காரர் பேசியது யார் காதிலாவது விழுந்திருக்கலாம். இத்தனை வருஷமாக இதையேதான் எனக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

"எறங்கிடுச்சு பெரியம்மா."

"வேர்த்துக் கொட்டியிருப்பானே. அடியில இருக்கற துணிய மாத்தினாங்களா?"

"மாத்தல" என்றேன். "அது மேலயேதான் தூங்கறான்."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். ராட்டை சுற்றுகிற சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை என்னால் அந்த வாசலைத் தாண்டிப் போக முடியவில்லை.